வாசலில் மூன்று ஜோடி

ஏழு மணிக்கு ஆதிரா வாசற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செருப்புகளை வரிசையாக வைத்தாள். அவளுடையது, பிஜியுடையது, விஷ்ணுப்ரியாவுடையது என்று மூன்று ஜோடி. நுனிகள் சுவரைப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஜெயலக்ஷ்மி மாமியின் கண்டிப்பு. கைபேசியில் படம் எடுத்தாள். மங்கலாக விழுந்தது. இன்னொன்று எடுத்து அனுப்பினாள். மாமியிடமிருந்து கும்பிடும் கைப்படம் ஒன்று பதிலாக வந்தது. மூன்று பெண்களும் பத்திரமாக வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று மாமியைப் பொறுத்தவரை அன்றைக்கு முடிவாகிவிட்டது.

விஷ்ணுப்ரியா வீட்டில் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தாள். படியில் கிடந்தது அவளுடைய இன்னொரு ஜோடி. சாலைக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கியது.

கோட்டைக்குள் இருக்கும் அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தமாதிரி ஒட்டி நின்றன. மாமிக்கு அதில் இரண்டு வீடு. ஒன்றில் அவள் தனியாக இருந்தாள். மூன்று வாசல் தள்ளியிருந்த மற்றதைப் படிக்கிற பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அரசு அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டாள். முழங்கால் வலி வந்து தினமும் நடந்து வந்து பார்க்க முடியாமல் போனபோது கூடத்தில் கேமரா வைக்கிறேன் என்றாள். பிஜி அன்றே பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். கடைசியில் மாமியே வழி கண்டுபிடித்தாள். இந்தத் தெருவில் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை, செருப்பில்லாமல் வெளியே போவதும் இல்லை. படியில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. தினமும் ஏழு மணிக்கு ஒரு படம் போதும்.

நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கும். விஷ்ணுப்ரியாவுக்கு எம்.எஸ்ஸி. கடைசி வருடம். அவளுக்கு வேண்டிய புத்தகங்களை வெளியே கொடுக்க மாட்டார்கள். பல்கலைக்கழக விடுதியின் காத்திருப்புப் பட்டியலில் மூன்று பேர் பெயரும் போன வருடத்திலிருந்து அதே இடத்தில் இருந்தது. இந்த வீடு போனால் நகரத்தில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. முதலில் ஒரே ஒரு நாளுக்கு என்றுதான் இரண்டாவது ஜோடியை வைத்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகி, ஆளுக்கொரு ஜோடி வந்து சேர்ந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. விளக்கு வைத்த பிறகு தெருவில் யாராவது வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். படம் போன பிறகு ஒரு பெண் தெருவழியே வந்தால் அது மறுநாள் காலைக் காப்பிக்குள் மாமியின் காதுக்குப் போய்விடும். அதனால் தாமதமாக வருகிறவள் கொல்லைப்புறச் சந்து வழியாக வருவாள். பழவங்காடி பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் ரோட்டில் பிரிந்து, மூடிக்கிடக்கும் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் பின்னால் போய், பிறகு வீடுகளின் கொல்லைக் கதவுகளை ஒட்டி ஓடுகிற சந்து. விளக்கு கிடையாது.

இரண்டு வாரமாக அந்தச் சந்தில் அவர்களுக்குப் பயம் இருந்தது. முதலில் சொன்னது பிஜி. "நான் நடந்தா நடக்குது சேச்சி. நான் நின்னா நிக்குது." ஆதிரா சிரித்தாள். அடுத்த வாரம் அந்தக் காலடிச் சத்தத்தை அவளே கேட்டாள். திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை, பீடிப் புகையின் வாசனை மட்டும் இருந்தது. மாமியிடம் சொல்லலாம் என்று பேசினார்கள். சொன்னால், அந்த நேரத்தில் அந்தச் சந்தில் உனக்கென்ன வேலை என்ற கேள்வி வரும். சொல்லவில்லை.

"பழவங்காடி இறங்கிட்டேன்" என்று விஷ்ணுப்ரியாவின் செய்தி எட்டரைக்குச் சற்று முன்னால் வந்தது. அங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஆதிரா கொல்லைத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கதவருகே நின்றாள். சாதத்தை மூடிவைத்துவிட்டு பிஜியும் வந்து நின்றாள். கிணற்றடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடம் போய் அதற்கு மேலும் போனது.

"பழவங்காடியில ஏதாச்சும் வாங்க நின்னிருப்பா" என்றாள் ஆதிரா.

"விளி சேச்சி. போன் பண்ணு."

மணி அடித்தது. எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடித்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. மூன்றாம் முறை, நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று மலையாளத்தில் ஒரு குரல் சொன்னது.

"சார்ஜ் போயிருக்கும்" என்றாள் ஆதிரா. இரண்டு பேரும் அதை நம்பவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினார்கள். கிட்டங்கிப் பக்கம் நடக்கும்போது ஆதிராவின் நீட்டிய கை குளிர்ந்த கம்பியில் மோதியது. வெளிச்சத்தைத் திருப்பினாள். சந்தை மறித்து ஆளுயரத்துக்கு மேல் ஓர் இரும்புக் கேட் நின்றது. காலையில் அது அங்கே இல்லை. பச்சைப் பெயிண்ட் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. நடுவில் புதுப் பூட்டு தொங்கியது.

"எந்தா இது?" பிஜியின் குரல் கீச்சிட்டது. "யாரு வச்சது?"

"அசோசியேஷன்காரங்களா இருக்கும்." தெருக்காரர்களின் சங்கம் எதையாவது செய்யும்போது வாடகைக்கு இருப்பவர்களிடம் சொல்வதில்லை.

கேட்டுக்கு அப்பால் கிட்டங்கியின் பின்சுவர் கொஞ்ச தூரம் தெரிந்தது. அதற்கு மேல் டார்ச்சின் வெளிச்சம் எட்டவில்லை. விஷ்ணுப்ரியா ரோட்டிலிருந்து வந்திருந்தால் இந்தப் பூட்டுவரை வந்துதான் திரும்பியிருப்பாள்.

"விஷ்ணு" என்று ஆதிரா தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். கொஞ்சம் உரக்க, "விஷ்ணுப்ரியா!"

பிஜியும் இரண்டு தரம் கூப்பிட்டாள். எதிர்ப்பக்கம் எதுவோ நகர்ந்த மாதிரி இருந்தது. பூனையாக இருக்கலாம்.

"ஸ்ரீகுமார் சேட்டனை விளிக்கலாமா?" பிஜி கிசுகிசுத்தாள். ஸ்ரீகுமார் சங்கத்தின் செயலாளர், நாலாவது வீட்டுக்காரர். சிலிண்டர் வந்தால் தூக்கி வைப்பார். குழாய் ஒழுகினால் பிளம்பரை அழைத்து வருவார். பெண்பிள்ளைகள் தனியாக இருக்கீங்க, எதுன்னாலும் ஒரு போன் போதும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

"அவருகிட்டச் சொன்னா மாமிகிட்டச் சொல்லுவாரு. முதல்ல வீட்டுக்குப் போவோம் பிள்ளே. முன்வாசல் வழியா வந்திருந்தாலும் வந்திருப்பா."

வரவில்லை. உள்ளே நுழையும்போதே ஆதிராவின் கைபேசி அடித்தது. மாமி.

"ஆதிரா, விஷ்ணுப்ரியாகிட்டே போனைக் குடு. அவ அப்பா செங்கோட்டையிலேர்ந்து கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப்னு வர்றதாம். மனுஷர் பதறிண்டிருக்கார். நான் சொன்னேன், வெங்கடகிருஷ்ணன், ஒண்ணும் பேடிக்காதேங்கோ, கொழந்தை ஆத்துக்குள்ளே இருக்கா, செருப்பை நானே கண்ணாலே பார்த்தேன்னு."

"குளிச்சிட்டிருக்கா மாமி" என்றாள் ஆதிரா.

"இந்த நேரத்திலே என்ன குளி? சரி, வந்ததும் அப்பாவைக் கூப்பிடச் சொல்லு. கேட்டயா?"

போன் வைக்கப்பட்டது. பிஜி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லிட்டியே சேச்சி."

"வாயில வந்திட்டு." ஆதிரா சுவரில் சாய்ந்தாள். செங்கோட்டையில் ஒரு தகப்பன் மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று கேட்டு இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பார். இங்கே மாமி கதவைத் தாழ்போட்டிருப்பாள். விஷ்ணுப்ரியாவைத் தேட இந்த உலகத்தில் யாருக்கும் தோன்றாது. எப்படித் தோன்றும்? அவள் தொலையவே இல்லையே. ஏழு மணிக்கே வீடு வந்து சேர்ந்துவிட்டாளே.

"இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"அந்தப் பத்து நிமிஷத்தில அவளுக்கு என்னவாகும்?" பிஜி அழுதுகொண்டே கத்தினாள். "வீடு போனா போகட்டும். வித்துராவில எங்க வீட்டிலேர்ந்து தினம் பஸ்ஸில வர்றேன் நான். நீ விளிக்கலேன்னா நான் விளிப்பேன்."

ஆதிரா அழைத்தாள். மாமி எடுத்ததும், நடுவில் நின்றால் மறுபடி சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். விஷ்ணு குளிக்கவில்லை, வரவே இல்லை, படத்தில் இருந்தது வேறு செருப்பு, தினமும் அப்படித்தான், கொல்லைச் சந்தில் வருவோம், இன்று கேட் பூட்டியிருக்கிறது, அவள் போன் அணைந்துவிட்டது.

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"மாமி?"

"வாசக்கதவைத் திற. வரேன்."

முழங்கால் வலிக்காரி மூன்று வாசலையும் ஓடியே கடந்திருக்க வேண்டும். மூச்சிரைக்க, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி வந்தாள். திட்டுவாள் என்று ஆதிரா காத்திருந்தாள். மாமி கொல்லைப்பக்கம்தான் போனாள்.

"தெனமும் இந்த வழியாவா வந்தேள்? இந்த இருட்டிலேயா?" சந்தில் நடக்கும்போது கேட்டாள். ஒரு கை ஆதிராவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. "ஆரோ ஒருத்தன் இங்கே சுத்தறான்னு அசோசியேஷன்லே பறைஞ்சா. அதுக்காக்கும் இந்த கேட். நீங்க இந்தப் பக்கமே வரதில்லைன்னு நினைச்சுண்டு நான் உங்ககிட்டே ஒண்ணும் சொல்லல்லே."

"சாவி யாருகிட்ட மாமி?"

"ஸ்ரீகுமார்கிட்டே. உங்க போட்டோ வந்ததும் அவனுக்கு அனுப்பிடுவேன். கொழந்தைகள் உள்ளே வந்தாச்சான்னு தெரியணும்னு ஒரு மாசமா கேட்டு வாங்கிண்டிருக்கான். இன்னிக்கு அதைப் பார்த்துட்டுத்தான் பூட்டினான்."

கேட்டின் முன்னால் நின்று மாமி கைபேசியில் ஸ்ரீகுமார் பெயரைத் தேடி அழுத்தினாள்.

கேட்டுக்கு அப்பால், இருட்டில், ஒரு கைபேசி அடித்தது.

பக்திப்பாட்டு ஒன்றின் முதல் அடி. அது இரண்டு தரம் கேட்டது. பிறகு சட்டென்று நின்றது. மாமியின் காதில் இருந்த போனும் அதே நேரம் ஓய்ந்தது.

மாமிதான் முதலில் நகர்ந்தாள். பிஜியின் காதருகே குனிந்து, மூச்சுக்காற்றளவு குரலில், "முன்வாசல் வழியா ஓடு. எதிராத்து வெங்கிடேஷைக் கூப்பிடு, கிடைச்சவா எல்லாரையும் கூப்பிடு. ரோட்டுப் பக்கத்துச் சந்துமுனைக்குப் போங்கோ. போலீசுக்கும் சொல்லு" என்றாள். பிஜி செருப்பில்லாமல் ஓடினாள்.

பிறகு மாமி எப்போதும் பேசுகிற குரலில், "ஸ்ரீகுமாரே" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பக்கத்தில் டார்ச் ஒன்று எரிந்தது. ஸ்ரீகுமார் வேட்டியைச் சரிசெய்தபடி நடந்து வந்தார். நெற்றியில் சந்தனம் வியர்வையில் கரைந்திருந்தது.

"என்ன மாமி, இந்த நேரத்திலே? பூட்டு சரியா விழுந்திருக்கான்னு பார்க்க வந்தேன். கை பட்டு போன் கட்டாயிடுத்து."

"ஒரு பொண்ணு இன்னும் ஆத்துக்கு வரல்லே."

"விஷ்ணுப்ரியாவா? இந்தப் பக்கம் வரல்லையே. நான் பார்க்கல்லே." அவர் முகத்தில் கவலை இருந்தது. அது நிஜமான கவலை போலவே இருந்ததுதான் ஆதிராவைப் பயமுறுத்தியது. "போட்டோலே மூணு பேர் செருப்பும் இருந்துதே. உள்ளே எங்கேயாவது தூங்கியிருப்பா. நீங்க போங்கோ மாமி, முட்டு வலியோட நிக்காதேங்கோ. இங்கே நான் பார்த்துக்கறேன்."

"சாவியைக் குடு."

"சாவி ஆத்திலே இருக்கு. சுத்திண்டு போய் எடுத்துண்டு வரேன்."

மூன்று பெண்களில் யார் வரவில்லை என்று மாமி சொல்லவே இல்லை. "அண்ணா," என்றாள் ஆதிரா, "விஷ்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீங்கதானே அம்மா இங்கே நின்னு அவளைக் கூப்பிட்டேள்? காதிலே விழுந்தது."

"அது அப்பவே. நாங்க வீட்டுக்குப் போறதுக்கு முந்தி. அப்பவே நீங்க இங்கதான் நின்னீங்களா? ஏன் பதில் சொல்லல்ல?"

புன்னகை முகத்திலேயே இருந்தது. டார்ச் அணைந்தது.

இருட்டில் அவர் காலடி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. ரோட்டுக்கா, கிட்டங்கிக்கா? ஆதிரா கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு இரும்பில் மோதிக் கலகலத்தது. மாமி தெருவிலிருக்கும் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வீறிட்டாள். உயிர் போகிறவளின் குரல் அது. கொல்லைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதே சமயம் ரோட்டுமுனையில் வெளிச்சங்கள் ஆடின. பிஜியின் குரல் கேட்டது. வெங்கிடேஷும் நான்கைந்து ஆண்களும் சந்துக்குள் வந்தார்கள். அவர்களுடைய வெளிச்சத்தில் ஸ்ரீகுமார் கிட்டங்கிச் சுவரை ஒட்டிக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு இவ்வளவு களேபரம்?" என்றார். "கேட்டைப் பார்க்க வந்தேன், அவ்வளவுதான்." வெங்கிடேஷ் அவர் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தான். வீட்டில் இருப்பதாகச் சொன்ன சாவி.

ஆண்கள் விஷ்ணுப்ரியாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிட்டங்கியின் பின்கட்டு இடிந்து கிடந்தது. அந்தச் சந்தில் ஒளிய வேறு இடமில்லை. பதில் வரவில்லை. பூட்டு திறந்ததும் ஆதிரா, "நீங்க யாரும் கூப்பிடாதீங்க. கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்றாள். டார்ச்சின் வெளிச்சத்தைத் தன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டு, செங்கல் குவியலைத் தாண்டி உள்ளே போனாள். அந்தக் கொஞ்ச தூரத்தில், காலில் ஏதாவது தட்டுப்படுமோ, அது அவளாக இருக்குமோ, அசையாமல் கிடப்பாளோ என்ற பயத்தில் ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்தாள்.

"நான்தான் பிள்ளே," என்றாள். "ஆதிரா. என் மூஞ்சியைப் பாரு. மாமியும் பிஜியும் வெளியே நிக்காவ. சோறு ஆறிப்போச்சு."

இடிந்த குளியலறை ஒன்றின் தகரக் கதவு அசைந்தது. உள்ளே விஷ்ணுப்ரியா தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவைச் சுருட்டிப் பல்லில் கடித்திருந்தாள். அதை ஆதிராதான் மெதுவாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. முழங்கை சிராய்த்திருந்தது. வேறு காயம் இல்லை.

வெளியே வந்து விஷ்ணுப்ரியா மாமியின் மேல் சாய்ந்து நின்றாள்.

"கேட்டைப் பார்த்துட்டுத் திரும்பினேன். பின்னாலே நின்னார். பயப்படாதே, நான்தான்னார். கையைப் பிடிச்சார். உதறிட்டு ஓடி ஒளிஞ்சேன். போன் அடிச்சுது, அணைச்சேன். அவர் வெளியே நடந்துண்டே பேசினார் மாமி. சத்தம் போடாமே, நிதானமா."

"கத்தியிருக்கலாமேடி. நாலு கொல்லை தள்ளி மனுஷா இருக்கோமே."

"கத்தாதேன்னார்." விஷ்ணுப்ரியா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "போட்டோ போயாச்சு, நீ ஆத்துக்குள்ளே இருக்கே, உன்னை இன்னிக்கு யாரும் தேட மாட்டான்னார்."

ஸ்ரீகுமார், "கொழந்தை பயந்துபோய் என்னவோ உளர்றா" என்றார். சாயங்காலம்வரை அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கிடேஷ் அவர் கையை விடவில்லை.

போலீஸ் ஜீப் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. ஸ்ரீகுமாரை முன்னாலேயே ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப்போயிருந்தார்கள். மாமி அடுக்களையில் நின்று செங்கோட்டைக்குப் பேசினாள். "வெங்கடகிருஷ்ணன், நான் முன்னே சொன்னது சரியில்லே. உங்க பொண்ணு ஆத்துக்குள்ளே இருக்கல்லே. நான் பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன்." மறுமுனையில் என்னவெல்லாமோ கேட்டது. கடைசியில் ஒரு வாக்கியம் கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. விடிஞ்சதும் வரேன், அவ சாமானையெல்லாம் கட்டி வைக்கச் சொல்லுங்கோ.

விஷ்ணுப்ரியா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் போயிடணுமா? அவர் நாலாவது ஆத்திலேயே இருப்பாரா?"

"சாமானைக் கட்ட வேண்டாம்" என்று மாமி போனில் சொன்னாள். "இவ இப்போ ஸ்டேஷனுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லணும். நாளைக்கும் சொல்லணும், கோர்ட்டிலேயும் சொல்லணும். இவ போயிட்டா வேறே ஆரு சொல்லுவா? நீங்க வாங்கோ. வந்து இவ பக்கத்திலே இருங்கோ."

ஜீப்வரை போகத் தெருவின் முழு நீளத்தையும் நடக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஆதிரா, மறுபக்கம் பிஜி, முன்னால் நொண்டியபடி மாமி. எல்லா வாசலிலும் விளக்கு எரிந்தது, ஆட்கள் நின்றார்கள். பெண்கள் சிலர் தங்கள் மகள்களை உள்ளே போகச் சொன்னார்கள். நாலாவது வீட்டை நெருங்கும்போது அங்கே மட்டும் விளக்கு அணைந்தது. சன்னலுக்குப் பின்னால் ஓர் உருவம் நகராமல் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய அம்மா பகவதியம்மாளாக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். விஷ்ணுப்ரியாவின் நடை அங்கே தடைப்பட்டது. விரல்கள் ஆதிராவின் மணிக்கட்டில் பதிந்தன.

"நடங்கோ" என்றாள் மாமி திரும்பிப் பார்க்காமல். "நிக்காதேங்கோ. நடங்கோ."